தாய்ப்பாசமும் பாசநீக்கமும்

பாசம் என்னுஞ் சொல் நம் நாட்டில் இரண்டிடத்து இரண்டு பொருளில் வழங்குகின்றது. மடத்துத் திண்ணையிற் பாடங் கேட்கும் மாணாக்கன் பதி, பசு, பாசம் என முப்பொருளை எண்ணுங்கால், பாசமென்பது உயிரைக் கட்டிநிற்குந் தளை, நீக்கற்பாலது. அவன் பாடம் முடிந்து இல்லஞ் சென்றவழி, அவன் பாட்டி தன் மருமகளைச் சுட்டி, ‘பிள்ளைமேல் அவளுக்குப் பாசம் மிகுதி’ என்று புகழ்கின்றாள். ஆண்டுப் பாசமென்பது அன்பு, போற்றற்பாலது. ஒரே சொல் திண்ணையில் இழுக்காகவும் அடுக்களையிற் சிறப்பாகவும் நிற்றல் யாது காரணம்? இஃது ஒரு சொல்லின்கண் நேர்ந்த வழக்கு வேறுபாடு மாத்திரமோ, அன்றித் தாய்மையைப் பற்றியும் இல்வாழ்க்கையைப் பற்றியும் நூலோர் கருத்தும் உலகோர் கருத்தும் தம்முள் மாறுபடுதலைக் காட்டுவதோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருளாம்.

இவ்வாராய்ச்சி நூலறையிற் பிறந்ததன்று. முப்பது யாண்டுகளுக்கு முன்னர்க் குடமுருட்டியாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நம் உறவின்முறையார் இல்லத்தே எட்டுத் திங்கட் குழந்தையொன்று சுரங்கண்டு இறந்துபட்டது. துக்கம் வினவச் சென்ற நாம், அழுதுகொண்டிருந்த இளந்தாயை நோக்கி, ‘அம்மா, வந்த வினை முடிந்தது, உயிர் போயிற்று. பாசத்தை வளர்த்தால் துன்பமே வளரும். அதனை அறுத்தலே அறிவுடைமை’ என நூல்வழி நின்று சில கூறினோம். கூறியவற்றுள் நூலொடு மாறுபட்டது ஒன்றும் இன்றென்னுஞ் செம்மாப்பும் அப்பொழுது நமக்கு உண்டாயிருந்தது. ஒருபுறத்தே முதியவள் ஒருத்தி இருந்தாள். அவ்வூரில் நெடுங்காலம் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி. அவள் நம்மை ஏறிட்டு நோக்கி, ‘ஐயா, பாசம் கிடக்கட்டும். இவளுக்கு மாரிலே பால் கட்டிக்கொண்டு நோகிறது. அதற்கு உங்கள் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது?’ என்றாள். நாம் விடையின்றி எழுந்து வந்தோம். அவ்வினாவுக்கு விடை தேடியே இத்துணை யாண்டும் நூல்களை மீளமீளப் புரட்டினோம் என்று கூறினும் மிகையாகாது.

தாய்மையை ஆராய்வார்க்கு இருவகைச் சான்றுகள் உள. ஒன்று நூற்சான்று: திருமுறை, சாத்திரம், புராணம், இலக்கணம், இவற்றின் உரைகள் என்பன. மற்றொன்று வழக்குச்சான்று: தாலாட்டு, ஒப்பாரி, பழமொழி, நோன்பு, நேர்த்திக்கடன், கருவுற்றார்க்குச் செய்யுஞ் சடங்கு, ஊரார் கூறுங் கதை என்பன. நம்மனோர் பெரும்பாலும் முன்னையதனையே சான்றென்று கொண்டு, பின்னையதனைப் பெண்டிர் பேச்சென ஒதுக்குவர். தொல்காப்பியனார் அங்ஙனம் ஒதுக்கினாரல்லர்; பண்ணத்தி என்னும் பெயரால் உலக வழக்கிற் பயிலும் பாட்டிற்கும் செய்யுளியலுள் இடந் தந்தனர். தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையமும், வடமொழி தென்மொழி ஏட்டுச் சுவடிகளுக்கு இருப்பிடமாய் விளங்குவதாயினும், 1958-ஆம் ஆண்டில் ‘மலையருவி’ என்னும் நாடோடிப் பாடற்றொகுதியைக் கி. வா. ஜகந்நாதன் அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. ஏட்டுச்சுவடி காக்கும் இடத்தே வாய்ப்பாட்டும் புகுந்து அமர்ந்தது என்க.

அற்றேல், வழக்குச்சான்று எவ்வளவையின்பாற்படும் எனின், கூறுதும். அளவைகள் பலவென்பார் கூற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு, அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென முடித்தது சிவஞான சித்தியார். அக்காட்சியும் வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நால்வகைப்படும். இவற்றுள் தன்வேதனைக்காட்சியாவது உயிர் தனக்கு நேர்ந்த இன்பதுன்பங்களைத் தானே நுகர்ந்தறிதல். ஈன்றாள் படும் நோவும், பால் சுரக்குங்கால் அவள் எய்தும் இன்பமும், மகவிழந்த வயிற்றின் எரிவும் அவளுக்குத் தன்வேதனைக்காட்சி. அவற்றைப் பற்றி நூலெழுதும் நமக்கோ கருதலளவை மாத்திரையே. நூல் செய்தோருட் பெரும்பாலார் ஆடவர். அவருள்ளும் பலர் துறவோர். ஆகலின், தாய்மை எத்தன்மைத்து என்னும் வினாவில் தாலாட்டும் ஒப்பாரியும் காட்சியுடையார் கூற்று. நம் உரைகள் காணாதார் கூற்று. காட்சியொடு முரணுங் கருதல் போலியாம் என்பது அளவை நூல் கற்றார் எவரும் அறிந்ததே.

எனினும் காட்சி மாத்திரையே முழுதுணர்த்தும் என்றலும் பொருந்தாது. நோயுற்றான் தன் நோவைத் தானே அறிவான். அந்நோய் எதனான் வந்தது, எதனாற் றீரும் என்பதை மருத்துவனே அறிவான். அதுபோலத் தாயன்பு உண்டென்பதும் அஃது இத்தகைத்தென்பதும் வழக்குச்சான்றாற் பெறுதும்; உயிரின் செலவில் அதற்குரிய இடம் யாதென்பது உரையளவையாற் பெறற்பாலது. இவ்விரண்டனையும் ஒப்பவைத்து நோக்குதல் வேண்டும்.

முதற்கண் கருப்பத்தை எடுத்துக்கொள்வோம். மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில், மானுடப் பிறப்பெய்திய உயிர் தாய்வயிற்றினுள் திங்கள்தோறும் எய்தும் இடர்களை முறையே எண்ணி, அவற்றினின்றும் பிழைத்தலை ஓதியருளினார். ஆண்டுக் கணக்குச் சேயின் பக்கத்து நின்று எண்ணப்படுகின்றது. ஆயினும் பத்தாந் திங்களை எண்ணும்பொழுது அடிகள், தாயும் தானும் ஒருங்குபடுந் துன்பம் எனத் தாயையும் உடன்சேர்த்து எண்ணினமை நோக்கத்தக்கது. ஒன்பது திங்கள் சேயின் துன்பமே கூறிவந்த வாக்கு, பேற்றுநோவின்கண் அவளை மறந்திலது.

காவிரி நாட்டு ஊர்களிலும் திங்கட்கணக்கு உண்டு. அது தாயின் பக்கத்து நின்று எண்ணப்படுவது. மசக்கைத் திங்கள் இவை, வளைகாப்பிடுந் திங்கள் இது, தாய்வீடு செல்லுந் திங்கள் இது எனப் பெண்டிர் எண்ணுவர். இவ்வெண்ணிக்கை மக்களளவில் நில்லாது ஆற்றின்மேலும் செல்லும். ஆடித் திங்கள் 18-ஆம் நாள் பெருக்கெடுத்து வருங் காவிரியை மசக்கையுற்ற பெண்ணாகக் கருதி, அவள் விரும்பியுண்ணும் பொருட்டுச் சித்திரான்னங்கள் சமைத்துக் கரையிற் படைத்து, காதோலையும் கருகமணியும் நீரிலிடுதல் இந்நாட்டு வழக்கம். நெற்பயிரும் இவர்க்குச் சூல்கொள்வது, கதிரும் பால்பிடிப்பது. உலகத்தின் விளைவையெல்லாம் கருவுயிர்த்தலாகவே காணும் இக்கண் பேதைமைக் கண்ணன்று. மாயையினின்றும் உலகு தோன்றுதலை விளக்குமிடத்து நூலோரும் வித்தும் முளையுமாகிய உவமைகளையே கையாளுகின்றனர்.

இவ்விருவகைக் கணக்கும் ஒருங்கு கூடிய தலம் திருக்கருகாவூர். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்து, வெட்டாற்றங்கரையில் உள்ளது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடியருளிய பதி. முல்லைவனநாதர் மண்ணாலாகிய சுயம்புத் திருமேனியர்; ஆகலின் நீராட்டின்றிப் புனுகே சாத்தப்பெறுவர். அம்மை கருக்காத்த நாயகி. சம்பந்தர் பதிகம் முல்லை மணக்கும் ஊராக அதனைப் பாராட்டுவது. கருக்காத்த வரலாறோ தலபுராணத்தாலும் ஊரார் வாய்மொழியாலும் விரிந்து விளங்குவது. நித்துவ முனிவர் மனைவி வேதிகை கருவுற்று அயர்ந்து கிடந்த பொழுது, ஊர்த்துவபாதர் என்னும் முனிவர் வாயிலில் வந்து பிச்சை வேண்டினார். தளர்ச்சியால் அவள் எழுந்து வாராமையின் வெகுண்டு சபித்தார். கரு நலிவுற்றது. அவள் அம்மையை நினைந்து முறையிட, அம்மை அக்கருவைக் குடத்தினுள் வைத்துக் காத்துக் குழந்தையாக்கித் தந்தாள். அக்குழந்தைக்குக் காமதேனு பால் சுரந்தது.

இக்கதையைப் பழைய பவுராணிகர் சொல்லப் பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் அதன் நடுப்பொருள் மருத்துவச்சியின் வினாவுக்குப் பின்னரே நமக்குப் புலனாயிற்று. விருந்தோம்பல் இல்லறத்தார் கடனென்பது நூல். முனிவர் கேட்டது முறையே. வாயிலில் நூலறிந்தார் நிற்கின்றார். உள்ளே எழமாட்டாத ஒருத்தி கிடக்கின்றாள். அம்மை யார் பக்கம் நின்றாள்? உள்ளே கிடந்தவள் பக்கம் நின்றாள். இன்றும் மகப்பேறு வேண்டுவார் ஆண்டு நெய்யும், சுகப்பேறு வேண்டுவார் விளக்கெண்ணெயும் பெற்றுச் செல்கின்றனர். அவ்வெண்ணெயைக் கையிலேந்தி வரும் பெண்ணுக்கு இக்கதையின் கருத்தை எவரும் விரித்துரைத்ததில்லை. அவள் அறிந்தே வருகின்றாள்.

இரண்டாவது தாலாட்டு. நூற்சான்றும் வழக்குச்சான்றும் ஒன்றையொன்று அறியாதன என்பாரை மறுத்தற்கு இஃதொன்றே அமையும். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் பத்துப் பருவத்தது. அவற்றுள் தாலப்பருவம் தொட்டிலோரத்தே பெண்டிர் பாடிய பாட்டினின்றும் புலவர் கொண்டது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபர சுவாமிகள், தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரை அடைந்து அருள்பெற்ற துறவோர். மகப்பேறு காணாத அடிகள் தம்மைத் தாயாக வைத்து அங்கயற்கண்ணியைக் குழவியாக்கித் தொட்டிலாட்டினர். திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் (1815–1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடி, ஏழு நூற்றாண்டு முற்பட்ட ஆசிரியர்க்குத் தாயாயினர். புலமையிற் றலைநின்றோர் தம் அன்பை வெளியிடப் பாங்கு தேடியபொழுது, அதனைத் தாயின் மடியிலேயே கண்டனர். தாயன்பு முழுதும் இழிந்த பாசமாயின், அதனை நடித்துக் காட்டுதலும் இழிவேயாதல் வேண்டும். அங்ஙனம் எவரும் கூறத் துணியார்.

மூன்றாவது பிரிவு. பதினோராந் திருமுறையுட் பிரபந்தங்கள் அருளிய பட்டினத்தடிகள் வேறு, பிற்காலத்துப் பாடல்களால் அறியப்படும் பட்டினத்தார் வேறு என ஆராய்ச்சியாளர் கூறுவர். உலகோர் நெஞ்சில் வாழ்பவர் பின்னவரே. உடம்பையும் மனைவாழ்வையும் அவர்போற் கடிந்து பாடினார் அரியர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகச் செல்வத்தை ஒருங்கே துறந்தவர், தாய் இறந்தாள் என்னுஞ் செய்தி கேட்டுச் சுடலைக்கு ஓடிவந்து, பச்சை வாழைமட்டை அடுக்கி ஈமத்தீ மூட்டினார் என்பது ஊரறிந்த வரலாறு. ஆண்டு அவர் பாடியனவாக வழங்கும் பாடல்கள் இன்றும் இழவு வீடுகளில் ஓதப்படுகின்றன. எல்லாந் துறந்தார்க்கும் தாய்க்கடன் ஒன்று எஞ்சி நின்றது என்பதே பொதுமக்கள் இக்கதையாற் கூறுந் துணிபு. அவர் துறவை மக்கள் ஐயுற்றிலர். அவ்வழுகையைத் துறவின் குறையென்றும் கொண்டிலர்.

ஈண்டு நடுவுநிலைமை வேண்டி ஒன்று கூறல் வேண்டும். வழக்குச்சான்று யாண்டும் மேம்பட்டதென்று நாம் சாதிக்கப் புகுந்திலேம். மகப்பேறில்லாதாளை அவ்வழக்கு கூறும் வசைச்சொற்கள் கொடியன. வளைகாப்பு மனையில் அவளைப் பின்னிருத்தலும், முற்றத்துக் குழந்தையைத் தொட வருவாளைக் கடைக்கண்ணாற் றடுத்தலும் இன்னும் முற்றும் ஒழிந்தில. ஆண்மகவிற்கு ஒரு குரலும் பெண்மகவிற்கு ஒரு குரலுமாகப் பாடுந் தாலாட்டுக்களும் உள. இவ்விடத்தே நூலே அருளுடையது. காரைக்காலில் தோன்றிய புனிதவதியார் மகவு பெற்றதாகச் சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். கணவன் அவரைத் தெய்வமென்று அஞ்சிப் பிரிந்து, வேறு மணந்து, பிறந்த பெண்மகவிற்கு அவர் பெயரையே இட்டு, அவரடியில் வீழ்ந்தான். வயிறு திறவாத அவரைத் தாயில்லாத இறைவன் அம்மை என்றழைத்தருளினான். அம்மையென்னும் பெயர்க்கு ஈன்றிருத்தல் இன்றியமையாத இலக்கணம் அன்றென்பது இதனாற் பெறுதும். உலகோரோ ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் இறைக்கப்படுங் கனியைப் பிள்ளைவரம் வேண்டி ஏந்துகின்றனர். நூல் ‘பெறாதாளும் அம்மையே’ என்கின்றது. வழக்கு ‘பெறச்செய்க’ என்கின்றது. ஏந்துவாளை நாம் இகழேம். ஏந்தியும் பெறாதாளை ஊரார் இகழுங்கால், அவ்வம்மையின் பெயரைச் சொல்லித் தடுத்தல் சைவர் கடன்.

இனித் தடை ஒன்று எழும். ‘தாயன்பு இனியதாயினும், அது தன் மகவின்மேற் சென்ற பற்றே, பற்றெல்லாம் பாசம், பாசம் நீக்கற்பாலது, ஆகலின் அவ்விளந்தாய்க்கு நீவிர் கூறியது குற்றமன்று’ என்பாரும் உளர். இத்தடையை எளிதாகக் கழித்தல் ஆகாது. பிள்ளைமேற் கொண்ட பற்று உயிரை அலைத்தலும், அது காரணமாகப் பிறர் மகவுக்குத் தீங்கு செய்தலும் உலகிற் காண்கின்றோம். உழவுநிலம் பங்கிடுங்கால் தன் மகன்பொருட்டு ஓரகத்தி மகனை வஞ்சிக்குந் தாய்மாரைக் கண்டிலேம் என்று எவர் கூறவல்லார்?

ஆயின், அன்பும் பற்றும் ஒன்றென்று கொண்டதே இத்தடையின் பிழை. சிவஞானபோதம் பதினொன்றாஞ் சூத்திரம் உயிர் இறைவன் திருவடியை அடைதற்கு மறவாத அன்பையே வாயிலாகக் கூறுகின்றது. அன்பே பாசமாயின் வீடுபேற்றிற்கு வாயிலே இன்றாய் முடியும். ஆகலின், நூல் கடிவது அன்பையன்று. அன்பினுள் ஆணவஞ் செறிந்து நிற்கும் ‘எனது’ என்னும் முனைப்பையே என்க. நெல்லும் உமியும் ஒருங்கு தோன்றினும் உமி களையப்படுவது, அரிசி களையப்படுவதன்று. உமி களைதற்குக் குத்துதலும் வேண்டும். அரிசி நொறுங்காவாறு குத்துதலும் வேண்டும். நாம் அன்று உமியோடு அரிசியையும் வெளியே கொட்டினோம்.

இதற்குத் திருத்தொண்டர் வரலாறு சான்று பகரும். திருவாமூரில் தாய்தந்தையரை இழந்து, மணம் பேசிய தலைவனும் போரில் மாய, உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியாரின்பொருட்டே உயிர் தாங்கினர். அத்தம்பியார் பரசமயம் புக்கபொழுது, திருவதிகைப் பெருமான் முன்னின்று அவரை மீட்டருள வேண்டினர். அவ்வேண்டுகோளின் பயனே நமக்குக் கிடைத்த நாவுக்கரசர். நான்காம், ஐந்தாம், ஆறாந் திருமுறைகள். அந்நாளில் நம்போன்ற பண்டிதன் ஒருவன் அவ்வம்மையார்பாற் சென்று, ‘தம்பிமேற் கொண்டது பாசம், அறுத்தெறிக’ என்று கூறியிருப்பின், கூற்றில் இலக்கணப் பிழை இராது, ஆனால் தமிழுலகு இழந்திருக்கும் பொருட்கு அளவு இராது. அவர் அன்பை அறுத்திலர். அதனைத் திருமுன்னர்க் கொண்டுசென்று வைத்தனர். உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் சித்தாந்தத் துணிபு. ‘எனது’ என்பதைச் சார்ந்த அன்பு கட்டாயிற்று. இறைவனைச் சார்ந்த அன்பு மருந்தாயிற்று.

சிறுத்தொண்டர் மனைவியாராகிய திருவெண்காட்டு நங்கையாரை எடுத்துக்காட்டி, அன்பை அறுத்தலே அடியார் செயல் என்பாரும் உளர். அவர் சேக்கிழார் வாக்கை முழுதும் நோக்கிலர். மகவின்மேல் அன்பில்லாதார் அதனைத் தருதல் ஈகையாகாது, எளிதிற் கழித்தலாம். அன்பு நிறைந்திருந்தமையின் அச்செயல் கேட்டார் உள்ளம் இன்றும் நடுங்குகின்றது. முடிவில் வாயிற்புறத்தே நின்று மகனைப் பெயர்சொல்லி அழைக்கும் தாயின் குரலையும் சேக்கிழார் கேட்பிக்கின்றார். அழைத்த குரலுக்கு மகன் ஓடிவந்தான். தாயன்பு அழிந்திருந்தால் அக்குரல் எங்ஙனம் எழும்? திருச்செங்காட்டங்குடியிற் சித்திரைப் பரணியன்று அமுதுபடையல் விழாக் காணவருந் தாய்மார் கண்ணீர் விடுவது அவ்வழைப்பை எண்ணியே.

இன்னும் நுணுகி நோக்கின், சாத்திரத்துள்ளேயே இதற்கு ஓர் ஒப்புமை கிடைக்கும். மலம் ஐந்தென எண்ணுமிடத்துத் திரோதாயியும் ஒன்றாக எண்ணப்படும். அஃது உண்மையில் மலமன்று, இறைவன் சத்தியே. மலத்தொடு நின்று அதனைப் பரிபாகப்படுத்தலின் மலமென உபசரிக்கப்பட்டது. பரிபாகம் எய்தியவழி அதுவே அருட்சத்தியாய் விளங்கும். பாசத்தோடு வைத்து எண்ணப்பட்டும் பாசமாகாது நின்று அருளின் தொழில் செய்வது ஒன்று உண்டென்பது இதனான் விளங்கும். தாயன்பையும் இவ்வாறே உவமை முகத்தாற் கொள்ளலாம். அது சேயைத் தன்னொடு கட்டுவதுபோல நின்று, தன்னையின்றி நடக்கப் பழக்குகின்றது, மறைத்து வைத்து வளர்க்கின்றது, வளர்ந்தவழிக் கைவிடுகின்றது. தந்தையும் தாயும் மகவை ஒறுத்தலும் அன்பேயாதல்போல இறைவன் மறக்கருணையும் அருளே எனச் சித்தியார் விளக்குதற்குத் தாய்தந்தையரையே துணைக்கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. தாயன்பைச் சத்தியென்றே கூறுகின்றோம் என்று மயங்கற்க. உவமையும் பொருளும் ஒன்றாகா. ஆயினும் உவமிக்கத் தகுதியில்லாததனை ஆசிரியர் உவமையாகக் கொள்ளார்.

இறைவன் கருவிற் புகுந்து பிறத்தல் இலன் என்பது நம் சமயத்தின் உயிர்நிலைக் கொள்கை. அத்தகையோனே கருவுயிர்க்கும் இடத்தில் வந்து நின்றான் என்கின்றது சிராப்பள்ளித் தலவரலாறு. இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம் அடுப்ப, துணைசெய்ய வருந் தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் தடுத்தது. பெருமான் அத்தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தனன். வெள்ளம் வடிந்து தாய் வந்தபொழுது தாயர் இருவரைக் கண்டு மகள் திகைத்தனள். தாயுமானவர் என்னுந் திருப்பெயர் அதுபற்றியது. சுகப்பேறு எய்தினார் இன்றும் அப்பெருமானுக்கு வாழைத்தார் சாத்துகின்றனர். தாய்வீடு செல்லமாட்டாது ஆற்றின் இக்கரையில் நோவுற்ற பெண்டிர் எத்துணைப் பேரோ! அவர் துயரறிந்த நாட்டிலேதான் இவ்வரலாறு இவ்வாறு வேரூன்றக்கூடும். இறைவன் அவட்கு உபதேசஞ் செய்திலன். வெந்நீர் வைத்தான் என்று பாட்டியர் கதை கூறுவர். கருத்து நோக்கின் அஃதும் திருவருளின் இலக்கணமே.

இனி அவ்விளந்தாயின் செய்திக்கு வருவோம். ஓராண்டு கழிந்து அவ்வூர்க்கு மீண்டுஞ் சென்றபொழுது, மருத்துவச்சியைக் கண்டு வினவினோம். குழந்தை இறந்த மூன்றாம் நாள், அடுத்த தெருவில் ஈன்றாள் நோயுற்று மருத்துவமனையிற் கிடக்க, பாலின்றி அழுத பச்சைக்குழந்தை ஒன்றை அவள் எடுத்துவந்தனளாம். இளந்தாய் முதலில் முகந்திருப்பிக்கொண்டாளாம். ‘எவ்வாறு இசைவித்தாய்?’ என்றோம். ‘நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா. மடியிலே போட்டேன். அது அழுதது. பால் தானே இறங்கிவிட்டது. இவளும் அழுதாள். அழுதுகொண்டே கொடுத்தாள்’ என்றாள். அக்குழந்தையின் தாய் தேறி வருமளவும் அங்ஙனமே நடந்ததாம்.

அவள் பாசம் அற்றாள் என்று நாம் கூறேம்; தன் மகவை நினைந்து அழுதல் ஒழிந்திலள். ஆயினும், ‘எனது’ என்று சொல்லற்கில்லாத ஒரு மகவிற்கு அவ்வன்பு சென்றதே, அவ்வளவிற்கு ஆணவத்தின் வலி மெலிந்தது என்னலாம். நாம் சொல்லால் அறுக்கப் புகுந்ததனை, அம்முதியவள் அறாமலே வேறொரு வாய்க்காலில் திருப்பிவிட்டாள். காவிரிநாட்டு உழவர்க்கு இது விளங்கும். பெருகிவரும் நீரை மண்கொண்டு அடைத்தால் கரை உடையும்; மடை திறந்து அடுத்த வயலிற் பாய்ச்சுவதே அறிவு. நடவுகாலத்தில் வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையை இட்டு வயலில் இறங்குவர். அது அழுதால், யார் வரப்பிற்கு அணுக்கராய் நிற்கின்றாரோ அவர் சேற்றுக்கையைக் கழுவிக்கொண்டு சென்று ஆட்டுவர். ‘யார் பிள்ளை?’ என்று அப்பொழுது எவரும் வினவுவதில்லை. அகப்பொருள் நூலோர் நற்றாயோடு செவிலித்தாயையும் வைத்து இருவர்க்கும் கூற்று வகுத்தமையும், இக்காலத்துப் பெரிய மருத்துவமனைகளில் தாய்ப்பாலைப் பெற்றுக் காத்துப் பிறர் மகவுக்கு ஊட்டும் முறை அமைந்தமையும் இதன்பாற்பட்டனவே.

இதுகாறுங் கூறியவாற்றான் நாம் துணிந்தன மூன்று. தாய்மையின் இயல்பை அறிதற்கு வழக்குச்சான்று காட்சியளவையாகலின் ஒதுக்கற்பாலதன்று. அவ்வியல்பு உயிர்க்கு யாண்டுக் கொண்டுசென்று விடற்பாலது என்பதை அறிதற்கு நூற்சான்று இன்றியமையாதது. வழக்கு கொடிதாகும் இடத்துத் திருத்தற்கும் அதுவே வேண்டும். திண்ணைப் பாசமும் அடுக்களைப் பாசமும் ஒன்றல்ல; இடையில் நிற்பது ‘எனது’ என்னும் ஓர் உமியே.

மருத்துவச்சியின் வினாவுக்கு நம் ஏட்டில் விடை இருந்தது. அதனைப் படிக்க வேண்டிய முறை நமக்குத் தெரிந்திலது. இழவு வீட்டிற்குச் செல்லும் நம் இளைய புலவர்க்கும், ஆதீனங்களிற் பயிலும் தம்பிரான்மார்க்கும் இம்முதுமையில் நாம் விண்ணப்பிப்பது ஒன்றுண்டு. ஆண்டுச் சென்றால் முதலில் வாய்மூடி அமர்க. அழுவார் அழுகையை ஒரு சான்றாகக் கேட்க. நோவு யாது, பசி யாருக்கு, பால் எங்கே தேங்கிற்று என்று அறிக. பாசநீக்கம் கூறுதற்குக் காலம் உண்டு; அக்காலம் வருங்கால், கூறுதற்கு நாம் வேண்டப்படுவோம். அன்று நாம் அம்முதியவளை வணங்காது வந்தோம். அவள் இப்பொழுது இல்லை. இக்கட்டுரையே அவ்வணக்கமாகுக.